வெட்டிய நரம்புக்கு ஒரு வேலை

1866-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்காவின் 'அட்லாண்டிக் மந்த்லி' இதழில், எழுதியவர் பெயரில்லாமல் ஒரு கதை வந்தது. ஜார்ஜ் டெட்லோ என்ற ராணுவ மருத்துவர் தன் அனுபவத்தைத் தானே சொல்வதாக அது அமைந்திருந்தது. உள்நாட்டுப் போரில் அடிபட்டு மயக்கம் தெளிந்தவர், இடது கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, கொஞ்சம் தேய்த்துவிடுங்கள் என்று பக்கத்தில் இருந்த பணியாளிடம் கேட்கிறார். அவன் போர்வையை விலக்கிக் காட்டுகிறான். இரண்டு கால்களும் தொடையோடு போயிருக்கின்றன. ஒரு கை ஏற்கெனவே போய்விட்டது. மிச்சமிருந்த கையும் பின்னால் அழுகிப் போகிறது.

படித்தவர்கள் அதை நடந்த கதை என்றே நம்பிவிட்டார்கள். டெட்லோவுக்காகப் பணம் திரட்டினார்கள். பிலடெல்பியாவில் கை, கால் இழந்த சிப்பாய்களுக்கென்று இருந்த, ஊரார் 'ஸ்டம்ப் ஹாஸ்பிடல்' என்று சொன்ன மருத்துவமனைக்கே சிலர் அவரைத் தேடிப் போனார்கள். அங்கே அப்படி ஒரு நோயாளி இல்லை. கதையை எழுதியவர் அதே ஊரின் நரம்பு மருத்துவர் சைலஸ் வெய்ர் மிட்செல். போர்க் காலத்தில் நரம்புக் காயங்களுக்கென்றே தனியாக நடந்த டர்னர்ஸ் லேன் மருத்துவமனையில் இருந்தவர் அவர். இல்லாத கால் வலிக்கிறது என்று பலர் சொல்லக் கேட்டவர், அதைத் தன் பெயரில் மருத்துவ இதழில் போடாமல், பெயரை மறைத்து ஒரு கதையாக எழுதினார். ஐந்து ஆண்டு கழித்து 1871-இல்தான் 'மாய உறுப்புகள்' என்று தன் பெயரில் கட்டுரை எழுதினார். அதுவும் பொதுமக்கள் படிக்கும் இதழில். தான் பார்த்த 90 பேரில் 86 பேருக்கு, போன உறுப்பு இன்னும் இருப்பதுபோல உணர்வு இருந்ததாக அவர் கணக்கு.

சக மருத்துவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம் அவருக்கு இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஆனால் விஷயம் புதிதல்ல. பதினாறாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு ராணுவ அறுவை மருத்துவர் ஆம்புரோஸ் பாரே, காலை எடுத்து வெகு நாள் ஆன பிறகும் அந்தக் காலே வலிப்பதாக நோயாளிகள் புலம்புவதைப் பதிவு செய்திருக்கிறார். முந்நூறு ஆண்டுகளாக எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்; என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை.

அந்தக் காலத்து அறுவை எப்படி நடந்தது என்று பார்த்தால் ஏன் தெரியவில்லை என்பது புரியும். உள்நாட்டுப் போரில் பயன்பட்ட மினியே குண்டு மென்மையான ஈயத்தால் ஆனது. எலும்பில் பட்டால் துளைத்துக்கொண்டு போகாது, எலும்பை நொறுக்கிவிடும். கிருமியைத் தடுக்க வழியில்லை. கிருமித் தடுப்பைப் பற்றி அறுவை மருத்துவர் லிஸ்டர் எழுதிய கட்டுரைகள் 1867-இல்தான் வருகின்றன. காயம் அழுகுவதற்குள் உறுப்பை எடுத்தால் ஆள் பிழைப்பான். குளோரோபார்ம் கொடுத்து, கத்தி, ரம்பம், நூல் என்று சில நிமிடங்களில் முடித்தார்கள். இப்படி ஏறத்தாழ 60,000 உறுப்புகள் எடுக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். ரத்தக்குழாயைக் கட்டுவதில்தான் மருத்துவரின் கவனமெல்லாம். நரம்பு ரத்தம் கக்காது. அதனால் அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

சில நேரம் ரத்தக்குழாயோடு நரம்பையும் சேர்த்தே கட்டிவிடுவார்கள். 1797-இல் டெனரீஃப் தீவில் வலது கையை இழந்த ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனுக்கு அப்படித்தான் ஆனது என்கிறார்கள். மாதக்கணக்கில் வலி, இரவில் தூங்க ஓபியம். டிசம்பரில் அந்தக் கட்டு நூல் தானாகக் கழன்று வந்த பிறகே புண் ஆறியது. இல்லாத கையின் விரல்களை அதற்குப் பிறகும் உணர்ந்துகொண்டிருந்தார். ஆன்மா இருப்பதற்கு இதுவே சாட்சி என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு.

ஆன்மாவை விடுவோம். நரம்புக்கு என்ன ஆகிறது என்பது இப்போது தெரியும். வெட்டிய முருங்கை தறியிலிருந்து துளிர்விடுவதுபோல, வெட்டுப்பட்ட நரம்பின் முனையிலிருந்து மெல்லிய இழைகள் கிளம்புகின்றன. இழந்த தசையையும் தோலையும் தேடி வளர்வது அவற்றின் இயல்பு. சேர வேண்டிய இடம் இல்லாதபோது, தழும்புத் திசுவுக்குள் சிக்கி, ஒன்றோடொன்று பின்னி, ஒரு முடிச்சாகத் திரண்டுவிடுகின்றன. இதைத்தான் நியூரோமா என்கிறார்கள். வெட்டுப்பட்ட நரம்புகளின் முனையில் இது பெரும்பாலும் உருவாகத்தான் செய்யும்; எல்லாம் வலிக்காது. வலிக்கிற முடிச்சு தோலுக்கு அருகில் இருந்தால், செயற்கைக் காலின் சாக்கெட் அதன்மேல் அழுந்தும்போதெல்லாம் ஷாக் அடித்ததுபோல சுரீரென்று இழுக்கும். முதல் உலகப் போர்க் காலத்தில், 1915-இல், பிரெஞ்சு மருத்துவர் ஜூல் தினேல் விவரித்த சோதனை இன்றும் கையாளப்படுகிறது: விரலால் அந்த இடத்தைத் தட்டினால், இல்லாத பாதத்தின் விரலில் போய்த் தெறிக்கும்.

இங்கே மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் மூன்றையும் 'வலி' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். எஞ்சிய பகுதியிலேயே வலிப்பது ஒன்று. நியூரோமா இதில் முக்கியமானது, ஆனால் சீழ், எலும்பு முனை, ரத்த ஓட்டக் குறைவு என்று வேறு காரணங்களும் உண்டு. போன உறுப்பு இருப்பதுபோலத் தோன்றுவது இரண்டாவது. அரிக்கும், மரத்துப்போகும், செருப்பு மாட்டியிருப்பதுபோல இருக்கும். ஆனால் வலி இல்லை. உறுப்பு இழந்த அநேகமாக எல்லோருக்கும் ஏதோ ஒரு காலத்தில் இது வருகிறது. போன உறுப்பே வலிப்பது மூன்றாவது; இதுதான் மாய வலி. எரிவது, முறுக்குவது, விரல்களை யாரோ மடக்கி நெரிப்பது. பாதிக்கு மேற்பட்டோருக்கு இது வருகிறது. சில கணக்குகளில் ஐந்தில் நான்கு பேருக்கு. அறுவைக்கு முன்பே அந்தக் காலில் நீண்ட நாள் கடும் வலி இருந்தவர்களுக்கு வாய்ப்பு கூடுதல்.

மிட்செலுக்குப் பிறகு நூறாண்டு காலம் மருத்துவம் இந்த வலிக்குச் செய்ததைப் படித்தால் பாதி பரிதாபமாகவும் பாதி பயமாகவும் இருக்கிறது. முடிச்சை வெட்டினார்கள், நரம்பு மறுபடி வளர்ந்து மறுபடி முடிச்சிட்டது. இன்னும் மேலே போய் உறுப்பையே மறுபடி வெட்டினார்கள்; இழந்தவர் இன்னும் இழந்ததுதான் மிச்சம். நரம்பில் ஆல்கஹால் ஏற்றினார்கள், முனையை எலும்புக்குள் புதைத்தார்கள், உறைபோட்டு மூடினார்கள். அதற்கும் அடங்காதபோது முதுகுத்தண்டில் வலி செல்லும் பாதையை அறுத்தார்கள். 1940-களிலும் 50-களிலும் சிலருக்கு மூளையிலேயே கத்தி வைத்தார்கள். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இழப்பை ஏற்றுக்கொள்ள மறுக்கும் மனம்தான் வலிக்கிறது என்று மனநல மருத்துவர்கள் விளக்கம் எழுதினார்கள். 1984-இல் ரிச்சர்ட் ஷெர்மனும் அவர் குழுவினரும் ஆயிரக்கணக்கான அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் கேட்டு வாங்கிய பதில்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் மாய வலி இருந்தது. பலர் அதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம்.

மிட்செலைப் பற்றி ஒன்று சொல்லாமல் இந்த இடத்தைக் கடக்க மனம் வரவில்லை. சிப்பாய்களின் கண்ணுக்குத் தெரியாத வலியை நம்பிய அதே மனிதர், பிற்காலத்தில் மனச்சோர்வோடு வந்த பெண்களைப் படுக்கையில் போட்டு, படிக்காதே, எழுதாதே என்று 'ஓய்வு சிகிச்சை' கொடுத்துப் பேர் வாங்கினார். அதை அனுபவித்த எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் எழுதிய 'தி யெல்லோ வால்பேப்பர்' கதை அந்தச் சிகிச்சையைக் காலத்துக்கும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டது. யாருடைய வலியை மருத்துவர் நம்புகிறார் என்பது, யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தும் இருந்திருக்கிறது.

நம்பும் காலம் மெல்ல வந்தது. 1965-இல் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும், வலி என்பது காயத்திலிருந்து மூளைக்கு நேராக ஓடும் கம்பித் தகவல் அல்ல, வழியில் முதுகுத்தண்டிலேயே அது கூடவும் குறையவும் செய்கிறது என்று கோட்பாடு வகுத்தார்கள். 1990-களில் இதற்குள் ஒரு தமிழர் வருகிறார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிபோர்னியாவின் சான் டியாகோவில் ஆய்வு செய்த வி. எஸ். ராமச்சந்திரன். கையை இழந்த ஓர் இளைஞனின் கண்ணைக் கட்டி, பஞ்சுக் குச்சியால் கன்னத்தைத் தடவினார். கன்னத்தில் படுவதோடு, இல்லாத கையின் கட்டைவிரலிலும் படுகிறது என்றான் அவன். மூளையில் கைக்கான பகுதியும் முகத்துக்கான பகுதியும் அண்டை வீடுகள். கை காலி செய்த இடத்தில் முகம் குடியேறிவிட்டது என்பது அவர் விளக்கம்.

அடுத்து அவர் செய்ததற்கு ஓர் அட்டைப்பெட்டியும் ஒரு கண்ணாடியும் போதுமாக இருந்தன. பெட்டியின் நடுவில் கண்ணாடியை நிறுத்தி, இருக்கிற கையை ஒரு பக்கம் நுழைக்கச் சொன்னார். கண்ணாடியில் தெரியும் பிம்பம், இல்லாத கை இருக்க வேண்டிய இடத்தில் விழும். இருக்கிற கையை விரித்தால், பல ஆண்டுகளாக நெரித்துக்கொண்டிருந்த மாயக் கையும் விரிகிறது. சிலருக்கு அந்த நொடியே பிடிப்பு விட்டது. பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சில வாரம் பயிற்சி செய்த ஒருவருக்கு மாயக் கையே பெரும்பகுதி மறைந்து, விரல்கள் மட்டும் தோளில் ஒட்டிக்கொண்டன. முழங்கை வலி போய்விட்டது.

2007-இல் அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனை மருத்துவர்கள் இதை முறைப்படி சோதித்தார்கள். காலோ பாதமோ இழந்த 22 பேர் சேர்ந்தார்கள், 18 பேர் முடித்தார்கள். நான்கு வாரம், தினமும் 15 நிமிடம். கண்ணாடியைப் பார்த்துப் பயிற்சி செய்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. துணியால் மூடிய கண்ணாடி முன் அதே பயிற்சியைச் செய்த ஆறு பேரில் ஒருவருக்குத்தான் குறைந்தது. ஆறு பேரை வைத்து உலகத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது. பிறகு வந்த ஆய்வுகளில் பலன் ஒரே மாதிரி இல்லை. சிலருக்கு எதுவுமே மாறவில்லை, சிலருக்குப் பார்ப்பதே மனத்தைக் கலக்கியது. இரண்டு கால்களும் போனவருக்கு இந்த முறையே பொருந்தாது.

ராமச்சந்திரனின் விளக்கமும் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. லண்டன், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்று பணியாற்றிய டமார் மேக்கின் 2013 முதல் வெளியிட்டுவரும் ஆய்வுகள், மூளையில் கையின் இடம் காலியாவதே இல்லை என்கின்றன. 2025-இல் அவரும் சகாக்களும் கை எடுக்கப்படவிருந்த மூன்று பேரின் மூளையை அறுவைக்கு முன்பே படம் பிடித்து, பிறகும் நெடுங்காலம் தொடர்ந்து பிடித்துப் பார்த்தார்கள். கையின் வரைபடம் கலையவில்லை. அண்டை வீட்டுக்காரர் குடியேறவில்லை. அப்படியானால் கன்னத்தில் தடவியது கட்டைவிரலுக்குப் போனது ஏன் என்ற விவாதம் தொடர்கிறது. எனக்கு இதில் ஏமாற்றம் எதுவும் இல்லை. ராமச்சந்திரனின் பெரிய பங்களிப்பு அவர் சொன்ன காரணம் அல்ல. நோயாளி சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு, மலிவான ஒரு கண்ணாடியால் சோதித்துப் பார்த்தது.

மூளை வரைபடம் கலையவில்லை என்றால் கவனம் மறுபடியும் உறுப்பின் எஞ்சிய பகுதிக்கே திரும்ப வேண்டும். முடிச்சிட்டுக் கிடக்கும் நரம்பு ஓயாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதை அறுத்துப் பார்த்தார்கள், எரித்துப் பார்த்தார்கள், புதைத்துப் பார்த்தார்கள். அதற்குப் போக ஓர் இடம் கொடுத்தால் என்ன?

இந்தக் கேள்விக்கு விடை, வேறு எதையோ தேடப்போய்க் கிடைத்தது. சிகாகோவில் டாட் குய்க்கனும் கிரெகரி டுமேனியனும், எண்ணத்தால் இயங்கும் செயற்கைக் கையைச் செய்ய முயன்றுகொண்டிருந்தார்கள். மின்கம்பி வேலையில் ஷாக் அடித்து இரண்டு கைகளையும் தோளோடு இழந்த ஒருவருக்கு, 2002-இல், கைக்குப் போக வேண்டிய நரம்புகளை மார்புத் தசைக்குப் போகும் சிறு நரம்புகளோடு இணைத்தார்கள். கையை மூட வேண்டும் என்று அவர் நினைத்தால் மார்புத் தசை துடிக்கும். அந்தத் துடிப்பைப் பிடித்து இயந்திரக் கை மூடும். இப்படி அறுவை செய்துகொண்டவர்களுக்கு நியூரோமா வலியும் குறைவாக இருப்பது பின்னால்தான் கவனத்துக்கு வந்தது. நரம்புக்கு வேலை கிடைத்துவிட்டதால் அது அலையவில்லை. வலிக்கென்றே இந்த அறுவையைச் செய்து 28 பேரிடம் சோதித்த முடிவு 2019-இல் வெளியானது. பழைய முறையைவிட இதில் மாய வலி நன்றாகக் குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான்; ஆனால் ஒருவருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பால் சீடர்னாவின் குழு இதைவிட எளிய வழியைக் கண்டது. தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு தசைத் துண்டை எடுத்து நரம்பு முனையைச் சுற்றிப் போர்த்தித் தைத்துவிடுகிறார்கள். துண்டுத் தசைக்கு நரம்பு வேண்டும், துண்டு நரம்புக்குத் தசை வேண்டும், இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. எடுத்தெறியப்போகும் காலிலிருந்தே அந்தத் தசையை எடுத்துக்கொள்ளலாம். உறுப்பு எடுக்கும் நாளிலேயே இதைச் செய்துகொண்ட 45 பேரையும் செய்யாத 45 பேரையும் பழைய மருத்துவக் குறிப்புகளை வைத்து ஒப்பிட்டு 2019-இல் எழுதினார்கள். செய்துகொண்டவர்களில் ஒருவருக்கும் வலிக்கும் நியூரோமா இல்லை. செய்யாதவர்களில் ஆறு பேருக்கு இருந்தது. மாய வலி செய்துகொண்டவர்களில் பாதிப் பேருக்கு. செய்யாதவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு. முற்றிலும் போய்விட்டது என்று சொல்ல முடியாத எண்கள்தான் இவை. ஆனால் இந்த வித்தியாசம் சிறியதல்ல.

நம் ஊர் நிலைமை வேறு. இங்கே பெரும்பாலும் கால் போவது குண்டில் அல்ல, சர்க்கரையிலும் சாலையிலும். சர்க்கரைப் புண் அழுகி, விஷம் உடம்பெல்லாம் ஏறிய நிலையில், நடு இரவில் தியேட்டருக்குள் கொண்டுபோகும் நோயாளிக்கு உயிர் முதலில், நரம்பு பிறகு என்பது நியாயமே. நரம்பை இழுத்துப் பிடித்து, கூரிய கத்தியால் ஒரே வெட்டில் வெட்டி, அது சதைக்குள் சுருங்கிப்போக விட்டுவிடுவது என்ற பழைய முறையே இன்னும் பரவலாக நடக்கிறது. நுண்ணோக்கியில் நரம்போடு நரம்பைத் தைக்கப் பயிற்சி பெற்ற கைகள் தேவை; அவை தமிழ்நாட்டில் இல்லாமல் இல்லை. ஸ்டான்லியில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி 1971-இல் தொடங்கிய கை அறுவைப் பிரிவும், கோவை கங்கா மருத்துவமனையும் நாடறிந்தவை. ஆனால் சர்க்கரைக் காலை எடுக்கும் பொது அறுவைப் பிரிவும், நரம்பைத் தைக்கும் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவும் ஒரே வளாகத்தில் இருந்தாலும் ஒரே மேசைக்கு வருவது அரிது. தசையைப் போர்த்தும் முறைக்கு நுண்ணோக்கிகூடக் கட்டாயமில்லை. அதிலாவது நம்மவர்கள் முந்திக்கொள்ள வேண்டும்.

வீட்டில் நடப்பது இன்னொன்று. "அப்பா, அங்க காலே இல்லையே, எப்படி வலிக்கும்?" என்று மகன் கேட்பான். கேலியில்லை, உண்மையாகவே புரியாமல்தான். இரண்டு முறை அப்படிக் கேட்டதும் அப்பா சொல்வதை நிறுத்திவிடுவார். தூக்கம் போகும், கோபம் வரும். இலவசமாகக் கிடைத்த செயற்கைக் கால் சுவரில் சாய்ந்து கிடக்கும். சோம்பேறித்தனம் என்று வீடு நினைக்கும். சாக்கெட் அழுந்தும் இடத்தில் ஒரு முடிச்சு இருக்கிறதா என்று யாரும் தட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மாத்திரைகளைப் பற்றிப் பெரிய நம்பிக்கை கொடுக்க முடியாது. கபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்றவை சிலருக்கு உதவுகின்றன. ஆய்வுகள் உறுதியான பதில் தரவில்லை. அறுவைக்கு முன்பே முதுகில் மரத்துப்போகச் செய்யும் மருந்தைத் தொடர்ந்து கொடுத்தால் மாய வலி வராது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1997-இல் 'லான்செட்' இதழில் வந்த, 60 பேரை வைத்துச் செய்த டென்மார்க் ஆய்வு அந்த நம்பிக்கையைக் குலைத்தது.

ஆகவே, உங்கள் வீட்டில் ஒருவருக்குக் காலையோ கையையோ எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், எந்த இடத்தில் எடுப்பீர்கள் என்று கேட்பதோடு, நரம்பு முனைகளை என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். அவசரம் இல்லையென்றால் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனின் கருத்தையும் கேளுங்கள். எடுத்த பிறகு வலி என்று அவர் சொன்னால், எங்கே, எப்படி, எப்போது என்று விசாரித்து எழுதிவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். தொட்டால் சுரீரென்று இழுக்கும் இடம் இருந்தால் ஸ்கேன் எடுத்து அங்கே நியூரோமா இருக்கிறதா என்று பார்க்க முடியும். காலை எடுத்துப் பல ஆண்டு ஆனவர்களுக்கும் நரம்பை இடம் மாற்றும் இந்த அறுவையைச் செய்கிறார்கள். இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால், இன்னொரு மருத்துவரைப் பாருங்கள்.